நான் கொசுவாக இருந்த மழைக்காலம்

ஒரு மழைக்காலம் முழுவதும் நான் கொசுவாக இருந்திருக்கிறேன். சம்பளத்துக்குத்தான். அப்போது விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், இரண்டு அறைகளுக்குள் இயங்கிய சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் களப்பணியாளராக இருந்தேன். மக்களின் பழக்கங்களை மாற்றுவதுதான் எங்கள் தொழில். சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பது, குப்பையைப் பிரித்துப் போட வைப்பது என்று எந்தப் பழக்கத்தை மாற்றப் பணம் வருகிறதோ அந்தப் பழக்கத்தை மாற்றப் புறப்படுவோம். குடியிருந்தது திண்டிவனத்தில். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் ரயிலில் விழுப்புரம் போய், சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன்.

எங்கள் மேலாளர் ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர். ஊழியர்களில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக நிற்பார். அவரிடம் இருந்த ஒரே சிக்கல், அவருக்குத் திடீர் திடீரென்று ஏதாவது தோன்றும். பெரும்பாலும் டீ குடிக்கும்போதுதான். டம்ளரைப் பாதியில் நிறுத்தி, தெருவைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணு தோணுது" என்பார். அடுத்த சில மாதங்கள் நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பது அந்த நிமிடத்தில் முடிவாகிவிடும்.

கை கழுவும் திட்டத்தின்போது அவருக்கு ஆளுயரச் சோப்பு ஒன்று தோன்றியது. தெர்மாகோலில் செய்து, மினி லாரியில் ஏற்றி, வானூர்ப் பக்கம் ஊர் ஊராகக் கொண்டுபோனோம். மக்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஊரில் அது குளியல் சோப்பா துணி சோப்பா என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து யாராவது கூடுதலாகக் கை கழுவினார்களா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. கூட்டம் வந்தது, ஆகவே வெற்றி என்று அறிக்கை எழுதி அனுப்பினோம்.

அந்த வருடம் டெங்கு. திண்டிவனத்தில் ஏரிப் பக்கமாக இருக்கும் சில தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அதனால் வாசலுக்கு வாசல் ஒரு நீல டிரம் நிற்கும், பெரிய குடும்பம் என்றால் இரண்டு. டிரம் திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். முந்தைய வருடமே வேறு யாரோ எல்லா வீட்டுக்கும் வட்டமான தகர மூடி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் மூடியும் இருந்தது, டிரம்மும் திறந்து கிடந்தது. அதை மூட வைப்பது எங்கள் பொறுப்பு.

விழுப்புரத்தில் அலுவலகத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் மேலாளர் டம்ளரைப் பாதியில் நிறுத்தினார். கொசு டிரம்மில்தான் பிறக்கிறது என்பதே மக்களுக்குத் தெரியவில்லை, அதை அவர்கள் கண்முன்னால் காட்ட வேண்டும், ஒரு தெரு நாடகம் போட்டால் சரியாக இருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் ஆறடிக்குக் கொஞ்சம் மேலே. உடம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

"நீங்கதான் கொசு," என்றார்.

நாடகக்காரர்களுக்கு உடை தைக்கும் தையல்காரர் ஒருவரைப் பிடித்தோம். கறுப்பு வெள்ளை வரி போட்ட பனியன், அதே வரியில் காலோடு ஒட்டிய கால்சட்டை, முதுகில் கம்பி வளைத்துக் கட்டிய இரண்டு இறக்கைகள். இறக்கைக்குக் கொசுவலைத் துணியைத்தான் மாட்டினார். அதில் உள்ள விசித்திரம் எங்கள் மூவரில் யாருக்கும் அன்று உறைக்கவில்லை. மூக்கு, ஒரு முழத்துக்கு மேல் நீளமான பிளாஸ்டிக் குழாய். அதை நெற்றியோடு சேர்த்துப் பட்டையால் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டால் வாசற்படியில் நேராக நுழைய முடியாது, பக்கவாட்டில்தான் போகலாம். டீயும் குடிக்க முடியாது. தினமும் அதை பஸ்ஸில் கொண்டுபோவேன். ஒரு கண்டக்டர் அது என்ன பைப் என்று கேட்டார். மூக்கு என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

கதை, வசனம் மேலாளர். டாக்டராக நடித்ததும் அவரே. கதை சிக்கலில்லாதது. கொசுவாகிய நான் தெருவுக்குள் வந்து, ஒரு டிரம்மில் முட்டையிட்டு, என் பிள்ளைகளைப் பற்றிப் பெருமையடிப்பேன். பிறகு பார்வையாளர்களைக் கடிக்கப் போவேன். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்து டிரம்மை மூடுவார். உடனே நான் மூடியின் மேல் விழுந்து கதற வேண்டும். "ஐயோ, மூடாதீங்க. எம் புள்ளைங்க மூச்சு முட்டி செத்துப்புடும்" என்பது மேலாளர் மிகவும் ரசித்து எழுதிய வசனம். கடைசியில் டாக்டர் கொசு அடிக்கும் மின்சார பேட்டால் என்னை ஒரு போடு போடுவார். நான் சாக வேண்டும்.

எனக்குச் சாவது பிடித்திருந்தது. முதல் காட்சியில் சட்டென்று விழுந்து செத்தேன். இரண்டாவது காட்சியில் கொஞ்சம் துடித்தேன். போகப்போக ஒரு கால், இன்னொரு கால், இடது இறக்கை, வலது இறக்கை என்று தவணை முறையில் செத்தேன். கடைசி மூச்சில் டிரம்மைப் பார்த்துக் கையை நீட்டுவேன். குழந்தைகள் விசும்புவார்கள். ஒரு தெருவில் ஒரு பையன் மேலாளரின் கோட்டைப் பிடித்து இழுத்து, அவர் காலில் கடித்துவைத்தான். மேலாளர் பெருமையோடு கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே, "பாத்தீங்களா தாக்கத்த," என்றார்.

இந்தச் சமயத்தில்தான் புதிய சக ஊழியர் ஒருவர் வந்து சேர்ந்தார். கோட்டக்குப்பத்துப் பெண். அப்பா வளைகுடா நாட்டில் ஒரு கடையில் கணக்குப் பார்ப்பவர். இவர் புதுச்சேரியில் புள்ளியியல் படித்திருந்தார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நாடகத்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டு, மனிதரைக் கடிப்பது பெண் கொசு மட்டும்தான், ஆண் கொசு கடிக்காது என்று மேலாளரிடம் சொன்னார். மேலாளர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இவ்வளவு உயரத்துக்குப் புடவை கட்டினால் எடுபடாது என்று மறுத்துவிட்டார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி சங்கடமானது. இந்த நாடகத்தால் டிரம் மூடுகிறார்களா என்று நமக்கு எப்படித் தெரியும்? மேலாளர் கூட்டத்தைக் காட்டினார், அழுத குழந்தைகளைக் காட்டினார், தன் காலையும் காட்டினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரி சார். பாதி தெருவுல நாடகம் போடுவோம், பாதி தெருவுல போட வேணாம். அப்புறம் ரெண்டுத்தையும் போய் பாப்போம். போட்ட தெருவுல டிரம்மு மூடி இருந்து, போடாத தெருவுல தொறந்து இருந்தா நாடகம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

பாதித் தெருக்களுக்கு நாடகம் கிடையாதா என்று மேலாளருக்கு மனசு கேட்கவில்லை. பந்தியில் பாதிப் பேருக்குப் பாயசம் இல்லை என்று சொன்னதுபோல் முகம் வாடிவிட்டது. ஆனாலும் நாடகத்தின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையே அவரைச் சம்மதிக்க வைத்தது. பெரிய தெருவாகப் பார்த்துத் தானே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். அதுவும் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். அதுவரை நாடகம் போடாத தெருக்களின் பெயர்களை எழுதி ஒரு ஹெல்மெட்டுக்குள் போட்டோம். மேலாளர் கண்ணை மூடி, உதடுகள் அசைய எதையோ வேண்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்தார்.

சீட்டில் வந்த தெருக்களில் மறுபடியும் சாக ஆரம்பித்தேன். அப்படி ஒரு நாள்தான் என் மாமனார் வந்தார். அவருக்கு ஒலக்கூர்ப் பக்கம் சொந்த நிலம். புது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு மூட்டை பிடித்து, மகளுக்குக் கொடுக்கலாம் என்று பைக்கில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் திட்டமாகத் தெரியாது. சுகாதாரத்தில் ஏதோ ஆபீசர் என்று சொல்லிப் பெண் கேட்டிருந்தோம். அவர் கூட்டத்தின் பின்னாலேயே நின்று பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், தள்ளிப் போய் என் மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். அவள் சாயங்காலம் அதை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"ஏம்மா, இங்க மாப்பிள்ளைய கோட்டு போட்ட ஆளு ஒருத்தரு பேட்டால அடிக்கிறாரு. இவரு கை கால ஒதறிக்கினு உழுவுறாரு. சுத்தி நிக்கிற ஜனம் கை தட்டுது. வீட்ல எதனா பிரச்சனையா, சொல்லு."

அவள் விளக்கமாகச் சொல்லியும் அவருக்கு முழுசாக விளங்கவில்லை. மூட்டையை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, நான் வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டார். போகும்போது, உடம்பைப் பார்த்துக்கச் சொல் என்று மட்டும் சொன்னாராம்.

நாடகம் முடிந்து சில நாள் கழித்துக் கணக்கெடுக்கும் வேலை. மேலாளர் முதலில் தானே பார்த்துவருவதாகச் சொல்லி, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் புறப்பட்டார். டிரம்மைப் பார்வையிட வருகிறோம் என்று தெருமுனையிலேயே அறிவித்துவிட்டு ஒவ்வொரு தெருவாக நுழைந்தார். ஒரு டிரம்கூடத் திறந்திருக்கவில்லை. அவசரத்துக்கு மூடி கைக்குக் கிடைக்காதவர்கள் தாம்பாளத்தால் மூடியிருந்தார்கள். ஒருவர் தன் பழைய கேரம் போர்டை எடுத்துப் போட்டிருந்தார். மேலாளர் விழுப்புரம் வந்ததும் எங்கள் இருவருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார்.

அந்தப் பெண் பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு அதே தெருக்களுக்கு நடந்தார். ஆட்டோ இல்லை, கொசு உடுப்பு இல்லை. தெருவில் நடந்துகொண்டே டிரம்களைப் பார்த்து அவர் போனில் குறித்துக்கொண்டு வந்தார். நாடகம் போடாத தெருக்களில் பாதி டிரம்மாவது மூடியிருந்தது. நாடகம் போட்ட தெருக்களில் அதைவிடக் குறைவாகத்தான் மூடியிருந்தது. நாடகத்தால் பலன் கொஞ்சமாக இருக்கலாம், இல்லாமலேகூடப் போகலாம், ஆனால் போட்ட இடத்தில் போடாத இடத்தைவிட மோசமாக எப்படி ஆகும்? அவர் போனையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். தான்தான் தெருக்களை மாற்றிக் குறித்துவிட்டதாக நினைத்து, மறுபடி முதலிலிருந்து நடக்க வைத்தார். அப்படியேதான் இருந்தது.

இரண்டாவது சுற்றில், ஒரு வீட்டு வாசலில் ஒண்ணாவதோ இரண்டாவதோ படிக்கும் ஒரு சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். உயரத்தை வைத்து அடையாளம் கண்டுவிட்டாள்.

"கொசு மாமா, மூக்கு எங்க?"

வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அவள் என் விரலைப் பிடித்து வீட்டுப் பக்கவாட்டுக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு டிரம், திறந்தபடி. தனக்கு எட்டுவதற்காகச் செங்கல் அடுக்கியிருந்தாள். அதில் ஏறி நின்று என்னை எட்டிப் பார்க்கச் சொன்னாள். தண்ணீர் நிறையக் கொசுப்புழுக்கள் வளைந்து வளைந்து நீந்திக்கொண்டிருந்தன.

"உங்க புள்ளைங்க," என்றாள். "நல்லா இருக்குதுங்க. நேத்துகூட சோறு போட்டேன்."

மூடி எங்கே என்று கேட்டேன். அம்மா மூடி மூடி வைக்கிறாள், நான் திறந்து திறந்து விடுகிறேன் என்றாள். ஏன் என்றதற்கு அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெற்ற தகப்பன் கேட்கிற கேள்வியா இது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"மூச்சு முட்டி செத்துப்புடும் இல்ல?"

எங்களுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரித்தோம். அந்தத் தெருக்களின் பிள்ளைகள் பாதிப் பேர் இதையே செய்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிரம்மைத் திறந்துவிட்டுக் காற்று வாங்க வைப்பது ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது. ஒரு வீட்டில் பிஸ்கட் போட்டிருந்தார்கள். தாய்மார்களுக்கு என்மேல் கொஞ்சம் கோபம். நான் அவ்வளவு உருக்கமாகச் செத்திருக்க வேண்டாம் என்று ஒரு அம்மா நேராகவே சொன்னார்.

விழுப்புரம் திரும்பி மேலாளரிடம் சொன்னோம். அவர் அன்று டீயைக்கூட முழுதாகக் குடித்தார். அடுத்த டீயில் டம்ளர் பாதியில் நின்றது. கொசுமேல் பரிதாபம் வந்ததுதான் பிரச்சினை, கொசுவை வில்லனாக்க வேண்டும், அதற்கு ஒரு பெரிய மீசை போதும் என்றார். மூக்குக் குழாய்க்குக் கீழே முறுக்கு மீசை ஒட்டினார்கள். கறுப்புக் கண்ணாடியும் மாட்டினார்கள். அந்தப் பெண் வாதாடவில்லை. ஒரே ஒரு தெருவில் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்றார். போட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்தத் தெருப் பையன்கள் எல்லாரும் கரியால் மீசை வரைந்துகொண்டு, கையை மூக்கில் வைத்துக்கொண்டு, ரீங்காரம் செய்தபடி ஓடிக்கொண்டிருந்தார்கள். யாருமே டாக்டராக இருக்கச் சம்மதிக்கவில்லை என்பதால் விளையாட்டில் டாக்டரே இல்லை. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, என் இறக்கையைத் தன் கையாலேயே அவிழ்த்து விட்டார்.

அதற்கப்புறம், அந்தப் பெண்ணும் நானும் தண்ணீர் வரும் நாட்களில் விடியற்காலையில் போய், வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். நாடகம் இல்லை, அறிவுரை இல்லை. முதலில் எங்களைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துபோய் டிரம்மை மூடினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். வயிறு ஒரு மாதிரி ஆகும்வரை குடித்தோம். இரண்டு மூன்று தடவை போனதும் எங்களை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்போதுதான் உண்மையான காலைப்பொழுது நடக்க ஆரம்பித்தது.

மக்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம் அல்லவா. அவர்களுக்கு எல்லாம் தெரியும். கொசு எதில் முட்டையிடும், எத்தனை நாளில் பறக்கும் என்று கேட்டால் ஒப்பித்தார்கள். சிலர் என் வசனத்தையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்கள். சங்கதி வேறு. தண்ணீர் வந்ததும் ரப்பர் குழாயை டிரம்முக்குள் விட வேண்டும். குழாய் உள்ளே இருந்தால் தகர மூடி உட்காராது. மூடியை எடுத்துச் சுவரில் சாய்ப்பார்கள். பிறகு காலை முழுக்கப் பாத்திரம் கழுவ, குளிக்க, துணி நனைக்க என்று ஆளாளுக்கு வந்து மொண்டுகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மூடியைத் தூக்கி வைத்து எடுக்க யாருக்கு நேரம்? அப்படிச் சுவரில் சாய்ந்த மூடி சும்மா இருப்பதில்லை. விளிம்பு தூக்கிய அகலமான தகரத் தட்டு வேறு எங்கே கிடைக்கும்? வடகம் காய்ந்தது, மிளகாய் காய்ந்தது, கோழிக்கூடை மேல் ஏறியது, ஒரு வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டும்போது தட்டிக் காட்டும் மேளமாக இருந்தது.

இதை எல்லாம் நான் ஆச்சரியமாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கும் அதே மூடியைத்தான் கொடுத்திருந்தார்கள். அவள் மொட்டை மாடியைக் கை காட்டினாள். போய்ப் பார்த்தேன். அவள் அப்பா கொண்டுவந்த மல்லாட்டை, எங்கள் டிரம் மூடியில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. கீழே டிரம் திறந்திருந்தது. மூன்று மாதமாக நான் அதில்தான் குளித்துவிட்டு ஊருக்கு மூடச் சொல்லப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கும் தோன்றுவது உண்டு என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் டிரம் மூடிவிட்டார்கள், உங்கள் வீட்டில் எப்படி என்று ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டினால் போட்டிக்காவது மூடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. இது கண்டிப்பாக வேலை செய்யும் என்று சொன்னவர், சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு தெருவில் மட்டும் ஒட்டிப் பார்த்தோம். ஸ்டிக்கர் நல்ல மஞ்சள் நிறம், வழவழப்பான தாள். டிரம்மில் ஒட்டியதை மெதுவாக உரித்து பிரிட்ஜிலும் பைக்கிலும் ஒட்டிக்கொண்டார்கள். ஒன்று ஆட்டுக் கொம்பில் இருந்தது. இரண்டு வீட்டுப் பெண்கள், அவள் மூடினால் நான் ஏன் மூட வேண்டும் என்று அதுவரை இல்லாத ஒரு பகையைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெண் மிச்சமிருந்த ஸ்டிக்கர் கட்டை மேலாளர் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார். மேலாளர் அன்று ரொம்ப அன்பாக நடந்துகொண்டார்.

கடைசியில் செய்தது பார்க்க ஒரு சுவாரஸ்யமும் இல்லாதது. என் இறக்கையிலிருந்து கொசுவலையைப் பிரித்து, திண்டிவனம் மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு தையல்கார அம்மாவிடம் கொடுத்து, சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து டிரம்முக்குத் தொப்பி மாதிரி தைத்தோம். குழாயை வலைமேலேயே வைத்துத் தண்ணீர் பிடிக்கலாம், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மொள்ளும்போது ஒரு ஓரத்தைத் தூக்கினால் போதும், விட்டதும் தானே மூடிக்கொள்ளும். வடகம் காயவைக்க உதவாது. அதை எடுத்த எடுப்பிலேயே எல்லாருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒன்று, அக்கம்பக்கத்தில் சில வீடுகள் என்று போட்டுப் பார்த்தோம். முதலில் தைத்தது தொய்ந்து தண்ணீரைத் தொட்டது. எலாஸ்டிக்கை இறுக்கினோம். இறுக்கியது விரலில் சுளீரென்று அடித்தது. என் மனைவியின் வளையலை ஒருநாள் கவ்விப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்தத் தொப்பியைக் கண்டுபிடித்த ஆபீசர் யாரோ அவர் வந்து விடுவிக்கட்டும் என்று அவள் டிரம் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அப்புறம் ஓரத்தில் பிடித்து இழுக்க ஒரு துணிக் காது வைத்துத் தைத்தோம். அது சரிப்பட்டு வந்தது.

மறுபடி ஹெல்மெட், மறுபடி சீட்டு. பாதித் தெருக்களுக்குத் தொப்பி முதலில், மீதிக்கு ஒரு மாதம் கழித்து. சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தோம். தொப்பி கொடுத்த தெருக்களில் பத்துக்கு எட்டு டிரம் மூடியிருந்தது. கொடுக்காத தெருக்களில் பழையபடியே. நான் தெருவிலேயே கை தட்டினேன். அந்தப் பெண், இன்னும் இரண்டு தடவை வந்து பார்க்காமல் தட்டக்கூடாது என்றார். இரண்டு தடவை வந்து பார்த்தோம். அப்படியேதான் இருந்தது. அப்புறம்தான் அவரும் தட்டினார், ஒரே ஒரு தடவை.

அறிக்கையில் டிரம்கள் மூடப்பட்டன, ஆனால் இதனால் டெங்கு குறைந்ததா என்று நமக்குத் தெரியாது என்று அந்தப் பெண் ஒரு வரி எழுதியிருந்தார். மேலாளர் அந்த வரியை அழித்தார். அவர் மறுபடி எழுதினார். இப்படி நாலைந்து முறை நடந்து, கடைசியில் வரி நின்றது. அறிக்கை போனபிறகு ஒரு கூட்டத்தில் மேலாளர் பேசினார். எதையும் சோதித்துப் பார்க்காமல் செய்யக்கூடாது என்று தனக்கு ஆரம்பத்திலேயே தோன்றிவிட்டதாகச் சொன்னார். நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினோம்.

மீதித் தெருக்களுக்கும் தொப்பி கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து ஒரு சுற்றுப் போனபோது சில டிரம்கள் மறுபடி திறந்திருந்தன. தொப்பிகளைத் தேடினோம். ஒன்று கிரைண்டர்மேல் இருந்தது. ஒன்று தோசை மாவுப் பாத்திரத்தில், ஒன்று பைக் சீட்டில், ஒன்று தொட்டிலுக்குமேல் ஈ வராமல். மேலாளர் உடன் வந்திருந்தார். கண்டித்து ஒரு நோட்டீஸ் அடிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தவர், அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் ஒரு வீட்டம்மாவிடம் இது மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரொம்ப நல்லா இருக்குதுங்க, மாவு பொங்கினாலும் வழியல என்றார் அந்த அம்மா. அப்படியென்றால் வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்துப் பார்க்கலாம், டிரம்முக்கு ஒன்று, அவர்கள் இஷ்டத்துக்கு ஒன்று என்று அந்தப் பெண் எங்களிடம் சொன்னார். தையல்கார அம்மா உதவிக்கு இரண்டு ஆள் வைத்துத் தைத்துக்கொடுத்தார்.

இரண்டு கொடுத்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தோம். டிரம்களில் தொப்பி இருந்தது, மாவுக்கும் இருந்தது. ஒரு வீட்டில் மட்டும் டிரம்மின்மேல் இரண்டு தொப்பிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். இதை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் அந்தப் பெண் போனை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். ஏன் இரண்டையும் போட்டீர்கள் என்று நான் கேட்டேன்.

"ரெண்டு குடுத்தீங்க, ரெண்டையும் போட்டுட்டேன்," என்றார். "ஏன், இன்னொண்ணு பாக்கி இருக்குதா?"